அம்மாவின் போனில் சிக்னல்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதற்காகக் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஆகிய மூன்றையும் படமெடுத்து ஒரு முகவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினாள். இரண்டு வாரம் கழித்து, அவளை முன்பின் அறியாத ஒரு பெண்ணின் போனில், அதுவும் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அந்த மூன்று படங்களையும் நான் பார்த்தேன். வெளிநாடு போக விரும்பும் பெண்கள் நாற்பது ஐம்பது பேரை ஒரே குழுவில் சேர்த்திருந்த அந்த முகவர், பத்திரங்களை எப்படித் தெளிவாகப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்று மாதிரி காட்டுவதற்காக என் தங்கச்சியுடையவற்றை அங்கே போட்டிருந்தார். அவளுடைய இரத்தப் பரிசோதனை முடிவுகள் வரை எல்லாம் அதில் இருந்தன. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, தங்கச்சி, கொழும்பில் கடையில் வேலை செய்யும் தம்பி, நான் ஆகிய நால்வரின் போன்களிலும் சிக்னல் என்ற செய்தி அனுப்பும் செயலியை நிறுவினேன். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு இரண்டு செயலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். என்னைப் போலத் தோட்டத்தில் தாயும் வளைகுடாவில் உடன்பிறப்புமாக வாழ்கிறவர்களுக்கு இந்த அனுபவம் உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தங்கச்சிக்கு நடந்ததில் வட்ஸ்அப்பின் குற்றம் எதுவும் இல்லை. அன்று சிக்னலில் அனுப்பியிருந்தாலும் அதுவே நடந்திருக்கும். 2016 ஏப்ரலிலிருந்து வட்ஸ்அப்பில் போகும் செய்திகள் எல்லாமே அனுப்புகிறவரின் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுகிறவரின் போனில்தான் திறக்கின்றன. நடுவில் இருக்கும் நிறுவனத்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. அந்தப் பூட்டின் வடிவமைப்பே சிக்னலை உருவாக்கியவர்களிடமிருந்து வந்ததுதான். ஆனால் பூட்டு காப்பது வழியை மட்டுமே. போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கும் மனிதர் என்ன செய்வார் என்பது எந்தச் செயலியின் கையிலும் இல்லை. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் மிக உயர்ந்த பாதுகாப்பு அதிகாரிகள் யேமன் மீதான தாக்குதலைப் பற்றிச் சிக்னல் குழு ஒன்றில் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு சஞ்சிகை ஆசிரியரையும் தவறுதலாக அதே குழுவில் சேர்த்துவிட்டார்கள். அவர் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தார். சிக்னலை நிறுவிவிட்டால் இனிக் கவலையில்லை என்று நினைக்கிறவர்கள் இந்த நிகழ்வை மறக்கக் கூடாது.

அப்படியானால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? செய்தியின் உள்ளடக்கத்தில் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் புறத்தகவலில்தான் இருக்கிறது. யார் யாரோடு, எந்த நேரத்தில், எவ்வளவு அடிக்கடி பேசுகிறார், எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்பது போன்ற விவரங்கள் வட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்குக் கிடைக்கின்றன. 2014இல் சுமார் 19 பில்லியன் டொலருக்கு வட்ஸ்அப்பை வாங்கியதும், பின்னர் 2021 ஜனவரியில் தனியுரிமைக் கொள்கையை மாற்றுவதாக அறிவித்துக் கோடிக்கணக்கானோரை வேறு செயலிகளின் பக்கம் ஓடவைத்ததும் இதே நிறுவனம்தான். சிக்னலை நடத்துவது இலாப நோக்கற்ற அறக்கட்டளை. வட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் அக்டன், மெட்டாவை விட்டு விலகிய பின் 50 மில்லியன் டொலர் கொடுத்து 2018இல் தொடங்கிவைத்தது அது. விளம்பரம் இல்லை, நன்கொடையில் நடக்கிறது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்றின்படி ஒரு பயனரின் தகவல்களைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நேரத்தையும் மட்டுமே அவர்களால் கொடுக்க முடிந்தது. வேறெதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் வாக்குறுதியைவிட இந்த வெறுங்கை எனக்குப் பெரிய சான்றாகத் தெரிகிறது.

இருந்தாலும், இலங்கையின் மலையகத்தில் இருந்துகொண்டு தனியுரிமையைப் பற்றி யோசிக்கும்போது மெட்டா எனக்குத் தூரத்து ஆளாகத்தான் தெரிகிறது. அம்மாவுக்கு ஆபத்து வருவது கலிபோர்னியாவிலிருந்து அல்ல, டவுனிலிருக்கும் போன் கடைக் கவுண்டரிலிருந்து. சிக்னலை நிறுவுவதற்காக அம்மாவின் போனை முதல் தடவை முழுதாகத் திறந்து பார்த்த அன்று எனக்கு இது விளங்கியது. போன் வாங்கிய அன்றே கடைப் பையன் ஒரு ஜீமெயில் கணக்கைத் திறந்து கொடுத்திருக்கிறான். அதன் கடவுச்சொல் என்னவென்று அம்மாவிடம் கேட்டால், "அது கடைக்காரத் தம்பிக்குத்தான் தெரியும் புள்ள" என்றார். அந்தக் கணக்கோடு கூகுள் போட்டோஸ் இணைந்திருந்தது. வட்ஸ்அப்பில் வரும் படங்கள் நாம் மாற்றாதவரை போனின் கேலரியில் தானாகவே சேர்கின்றன; அம்மாவின் போனில் அந்தக் கோப்புறையும் கூகுள் கணக்குக்கு ஏறும்படி அமைந்திருந்தது. தங்கச்சியின் கடவுச்சீட்டு, எங்கள் வீட்டுச் சடங்குப் படங்கள், அம்மாவின் சேமலாப நிதிப் படிவம் எல்லாமே, கடவுச்சொல்லை ஒரு மூன்றாவது ஆள் வைத்திருக்கும் பெட்டியில் கிடந்தன. அந்தப் பையன் நல்ல பிள்ளை, எதையும் திறந்து பார்த்திருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் இந்தக் கோலத்தில் போன் வைத்திருப்பவர்கள் எங்கள் லயத்தில், அதாவது எங்கள் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், மட்டும் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. தோட்டங்களில் ஜீமெயில் கணக்கைத் தானே திறந்தவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் சிக்னல் எனக்கு உண்மையாகவே பிடித்துப்போனது. அதில் வரும் படங்கள் செயலிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. நாமாகச் சேமித்தால் ஒழியக் கேலரிக்குப் போவதில்லை. கண்ணாடி உடைந்து போனைத் திருத்தக் கொடுக்கும்போது கடையில் பூட்டைத் திறக்கும் கோலத்தையும் கேட்டு வாங்கிக்கொள்வது எங்கள் ஊர்களில் வழக்கம். நாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரண்டு மணி நேரம் போன் மேசைமேல் திறந்து கிடக்கும். சிக்னலுக்குத் தனியாக ஒரு திரைப்பூட்டு வைக்கலாம் என்றாலும், அது பெரும்பாலும் போனின் பூட்டையே கேட்பதால் இந்தச் சூழலில் அவ்வளவாகப் பயனில்லை. கேலரியில் படம் இல்லாமல் இருப்பதுதான் பயன். வட்ஸ்அப்பிலும் மீடியா தெரிவுநிலை என்ற அமைப்பை அணைத்துவிட்டால் ஏறத்தாழ இதே பலன் கிடைக்கும். ஒன்று பிறவியிலேயே சரியாக இருக்கிறது, மற்றது தேடித் திருத்த வேண்டியிருக்கிறது. திருத்தத் தெரியாத அம்மாவுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

தங்கச்சியின் நிலை இன்னும் நுட்பமானது. அவள் வேலை செய்யும் வீட்டில் போன் இரவில் மட்டுமே அவள் கைக்கு வருகிறது. பகலில் அது சமையலறை அலுமாரிமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். சம்பளம் பிந்துவதைப் பற்றியோ உடல்நலம் பற்றியோ நாங்கள் எழுதுவது பூட்டிய திரையில் துண்டு துண்டாக மின்னினால் அவளுக்குத்தான் சங்கடம். சிக்னலில் அறிவிப்பில் பெயரையும் செய்தியையும் காட்டாமல் வைக்கலாம். ஒவ்வோர் உரையாடலுக்கும் செய்திகள் தாமாக மறையும் நேரத்தை விநாடிக் கணக்கிலிருந்து நான்கு வாரம் வரை நாமே தீர்மானிக்கலாம். நாங்கள் எட்டு மணி நேரம் வைத்திருக்கிறோம்: அவள் இரவில் படிப்பாள், விடியும்போது இருக்காது. வட்ஸ்அப்பில் மிகக் குறைந்த அளவே 24 மணி நேரம். இரவு படித்த செய்தி மறுநாள் பகல் முழுவதும் அந்த அலுமாரிமேல் கிடக்கும். ஒரு வசதியின் அருமை இப்படியொரு வீட்டில் வேலை செய்கிறவளுக்குத்தான் தெரியும்.

என் பாடசாலையிலும் ஒரு பிரச்சினை இருக்கிறது. நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு இல்லாத பாடசாலை இப்போது இல்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் அலை கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறிப் பாடம் படித்த காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. அந்தக் குழுக்களில் ஒவ்வொரு தாயின் தொலைபேசி இலக்கமும் மற்ற எல்லோருக்கும் தெரிகிறது. கணவன் கொழும்பில் வேலை செய்யும் ஓர் இளம் தாய், குழுவில் இலக்கத்தை எடுத்த யாரோ இரவில் அழைக்கிறார்கள் என்று என்னிடம் வந்து அழுதார். இலக்கத்தை மாற்றினார், குழுவிலிருந்தும் விலகினார், அதன் பிறகு அவருடைய பிள்ளைக்குப் பாடக்குறிப்பு போய்ச் சேரவில்லை. 2024 பெப்ரவரியிலிருந்து சிக்னலில் இலக்கத்தைத் தெரியாதவர்களுக்குக் காட்டாமல், ஒரு பயனர்பெயரைக் கொடுத்தே தொடர்பு வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே வகுப்புக் குழுவைச் சிக்னலுக்கு மாற்ற முயன்றேன். முப்பத்திரண்டு பெற்றோரில் ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு வாரத்தில் அந்த ஐவரும் "டீச்சர், மற்றதிலேயே போடுங்களேன்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பின்னர் வட்ஸ்அப்பிலேயே சமூகம் என்ற வசதியைப் பயன்படுத்தி அதன் அறிவிப்புக் குழுவுக்கு எல்லோரையும் மாற்றினேன். அதில் நிர்வாகிக்கும் ஏற்கெனவே இலக்கத்தைச் சேமித்து வைத்திருப்பவருக்கும் தவிர மற்றவர்களுக்கு உறுப்பினர்களின் இலக்கம் தெரியாது. அந்தத் தாயும் திரும்பி வந்தார். எந்த ஆசிரியர் இதைப் படித்தாலும், இந்த மாற்றத்தை மட்டுமாவது இந்த வாரமே செய்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இனிப் பாவனைக்கு வருகிறேன். அம்மாவுக்குச் சிக்னல் எளிதாக இருந்ததா என்றால், பாதி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பது அவருக்குச் சிரமம் என்பதால் மைக்கை அழுத்திப் பேசி அனுப்புவதே அவருடைய கடிதம்; அது இரண்டு செயலிகளிலும் ஒரே மாதிரி இருப்பதால் முதல் நாளே கைவந்துவிட்டது. மடுவத்தில் அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில், மூச்சு வாங்க, பின்னால் காற்றும் நாய்க்குரைப்பும் கேட்க அவர் அனுப்பும் குரல் பதிவுகள்தான் எங்கள் நால்வர் குழுவின் உயிர். தொல்லை பூட்டில்தான் வந்தது. முப்பது வருடம் கொழுந்து பறித்த விரல்களில் ரேகை தேய்ந்து, வெடிப்பில் கறை ஏறிப் போயிருக்கிறது. போன் அந்தப் பெருவிரலை அடையாளம் காண்பதே இல்லை. அதனால் இலக்கப் பூட்டு வைத்தோம். சிக்னல் தன் பங்குக்கு ஒரு பின் (PIN) இலக்கத்தை வைத்துக்கொண்டு, நாம் மறந்துவிடக் கூடாதென்று அவ்வப்போது அதைக் கேட்டு நினைவூட்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் அம்மாவுக்கு அது ஏதோ பிழை நடந்துவிட்டது என்ற பயத்தையே தந்தது. "மறுபடியும் நம்பர் கேக்குது, நான் ஒன்னும் அமுக்கல" என்று அழைத்துவிடுவார். நினைவூட்டலை அமைப்புகளில் அணைக்கலாம் என்பதை நான் பிந்தித்தான் கண்டுபிடித்தேன்.

அதைவிடப் பெரிய குறை, சிக்னலைப் புதுப்பிக்காமல் சுமார் மூன்று மாதம் விட்டுவிட்டால் அந்தப் பதிப்பு காலாவதியாகிவிடுவது. பழைய பதிப்பில் ஓட்டை இருக்கலாம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. டேட்டாவை ரீலோட் போட்டு ரீலோட் போட்டுப் பயன்படுத்தும் ஒருவருக்குப் புதுப்பித்தல் என்பதே ஒரு செலவு என்ற நியாயமும் இருக்கிறதே. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, வட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் மட்டும் என்று மலிவாகக் கிடைக்கும் டேட்டா பெக்கேஜ்கள். அம்மா போடுவது அதைத்தான். பொது டேட்டா முடிந்துபோன மாத இறுதியில் வட்ஸ்அப் ஓடும், சிக்னல் நின்றுவிடும். தனியுரிமைக்காக அம்மா மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் இதன் பொருள், அது எனக்குக் கசக்கிறது. இப்போது அந்த வித்தியாசத்தை நான் ரீலோட் போடுகிறேன். போட ஆளில்லாதவர்களுக்கு நான் என்ன சொல்வது?

முன்பு அன்ட்ரொய்ட் சிக்னலில் சாதாரண எஸ்எம்எஸ்ஸையும் அதே செயலிக்குள் அனுப்பலாம். 2022 அக்டோபரில் அந்த வசதியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். பாதுகாப்பான செய்தியையும் பாதுகாப்பற்றதையும் மக்கள் குழப்பிக்கொள்வார்கள் என்ற அவர்களுடைய வாதம் சரியானதே. ஆனால் மேட்டு லயத்தில் ஒரு கோடு அலைகூட நிற்காத இடத்தில் எஸ்எம்எஸ் மட்டுமே போய்ச் சேரும் நாட்கள் பல உண்டு. 2018 மார்ச்சில் திகன கலவரத்தை அடுத்து வட்ஸ்அப், வைபர், பேஸ்புக் எல்லாம் நாடு முழுவதும் முடக்கப்பட்டபோதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்பும், 2022 ஏப்ரலில் அரசுக்கு எதிரான போராட்டங்களின்போதும் எங்களுக்குக் கைகொடுத்தது எஸ்எம்எஸ்ஸும் சாதாரண அழைப்பும்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டு, மண்சரிவுகளில் வீதியும் மின்சாரமும் தொடர்பும் அறுந்த நாட்களில், டவர் உயிர்பெற்றவுடன் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிய செய்திகள் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் பறந்தன. எல்லோரும் இருக்கும் இடத்தில் இருப்பதும் ஒரு பாதுகாப்பு என்பதை அந்த வாரம் எனக்குப் புரியவைத்தது.

செய்திகளைக் காப்பெடுப்பதில், அதாவது போன் போனாலும் மீட்க ஒரு பிரதி எடுத்து வைப்பதில், இரண்டு செயலிகளும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. வட்ஸ்அப்பின் காப்பு கூகுள் கணக்குக்கு எளிதாகப் போய்விடும். ஆனால் அந்தக் காப்பை முனைக்கு முனை, அதாவது நடுவில் இருக்கும் நிறுவனத்தாலும் திறக்க முடியாதபடி, பூட்டும் வசதி 2021இல் வந்திருந்தும், நாமாக இயக்கினால்தான் வேலை செய்யும். சிக்னலில் நீண்ட காலம் போனுக்குள்ளேயே எடுக்கும் காப்பு மட்டும்தான் இருந்தது. போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போயிற்று. 2025 செப்டெம்பரில்தான் இணையத்தில் வைக்கும் காப்பு வசதியை அன்ட்ரொய்டில் தொடங்கினார்கள்: எழுத்துச் செய்திகளும் கடைசி 45 நாள் படங்களும் இலவசம், அதற்கு மேல் வேண்டுமென்றால் மாதம் 1.99 டொலர். அதைத் திறக்க 64 எழுத்துக் கொண்ட ஒரு சாவி உண்டு. தொலைந்தால் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. அம்மாவின் சாவியை ஒரு கொப்பித் தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்குக் கடந்தகால வினாத்தாள்களும் டியூஷன் குறிப்புகளும் கிடைக்கும் இடம் டெலிகிராம். பெரிய கோப்புகளுக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் அதன் சாதாரண உரையாடல்களுக்கு முனைக்கு முனை பூட்டு கிடையாது, இரகசிய உரையாடல் என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு, குழுக்களுக்கு அதுவும் இல்லை. அதைப் பாதுகாப்பான செயலி என்று சொல்லிக் கொடுப்பவர்களைத் திருத்த வேண்டும். வைபரையும் இமோவையும் வளைகுடாவில் இருக்கும் உறவினர்களுக்காக வைத்திருப்பவர்கள் பலர். எங்கள் வீட்டுக்குத் தேவைப்படவில்லை.

இன்று எங்கள் வீட்டின் ஏற்பாடு இதுதான். பத்திரங்கள், பணம், உடல்நலம், தங்கச்சியின் வேலை வீடு பற்றிய பேச்சு எல்லாம் சிக்னலில். பாடசாலை, தோட்டத் தலைவரின் அறிவித்தல், கோயில் திருவிழா, உறவுக்காரர் ஸ்டேட்டஸ் எல்லாம் வட்ஸ்அப்பில். ஸ்டேட்டஸ் பார்க்காமல் அம்மாவால் இருக்க முடியாது, இருக்கச் சொல்லவும் கூடாது. வட்ஸ்அப்பில் படங்கள் கேலரிக்குப் போவதை நிறுத்தி, இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, காப்பைப் பூட்டி, ஜீமெயில் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தேன். நால்வருக்கும் சேர்த்து ஒரு ஞாயிறு மதியம்தான் எடுத்தது. சிக்னலுக்கு மதிப்பெண் கொடுக்கச் சொன்னால், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பத்தில் ஒன்பது கொடுப்பேன், முப்பத்திரண்டு பெற்றோர் கொண்ட வகுப்புக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க முடியாது.

தங்கச்சியின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது; புதுப்பிப்பதற்கு மறுபடியும் கடவுச்சீட்டின் படம் கேட்கிறார்கள். இந்தத் தடவை முதலில் ஒரு பிரதி எடுத்து, அதன் குறுக்கே எந்த முகவருக்கு, எந்தத் தேவைக்கு, எந்தத் திகதியில் என்று நீல மையால் எழுதி, அந்தப் பிரதியையே படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அது வட்ஸ்அப்பில்தான் போகும். முகவரிடம் சிக்னல் இல்லை.